ஊரை விற்றவர், அந்த ஊரிலேயே குடியிருந்தவர்

அன்புள்ள நண்பருக்கு,

லிங்கனைப் பற்றிய கட்டுரையில் ஒரே வரியில் வந்துபோன ஜெஸ்ஸி ஃபெல் என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். "ஒரு நில வியாபாரி கேட்டதற்காக லிங்கன் ஏன் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிக் கொடுத்தார்? அந்த ஆள் யோக்கியரா, இல்லை கொடி நட்டு மனை விற்கிற ரகம்தானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சந்தேகம் இன்னும் சிலருக்கும் வந்திருக்கிறது. அதனால் உங்களுக்கான பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதல் கேள்வி சுலபம். இருவருக்கும் கால் நூற்றாண்டுப் பழக்கம். 1834–35 குளிர்காலத்தில், இல்லினாய் மாநிலத்தின் அன்றைய தலைநகரான வண்டேலியாவில் சந்தித்தார்கள். லிங்கன் அப்போதுதான் சட்டமன்றத்துக்குள் காலெடுத்து வைத்திருந்தார். ஃபெல் தன் கவுண்டிக்காக (நம் மாவட்டம் மாதிரி) உறுப்பினர்களைப் பார்த்துப் பேசி காரியம் சாதிக்க வந்தவர். 1858-இல் செனட் இடத்துக்காக டக்ளஸோடு லிங்கன் மேடைமேடையாக வாதாடிய சமயத்தில் ஃபெல் கிழக்கு மாநிலங்களில் சுற்றிக்கொண்டிருந்தார். போன இடமெல்லாம் "யார் இந்த லிங்கன்?" என்று விசாரிக்கிறார்கள். ஊர் திரும்பியதும் லிங்கனிடம், ஜனாதிபதி பதவிக்கு உங்கள் பெயரைச் சொல்லலாம், உங்களைப் பற்றிக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார். லிங்கன் உடனே பிடிகொடுக்கவில்லை. 1859 டிசம்பர் 20 அன்றுதான் சில பக்கங்கள் எழுதி அனுப்பினார். ஃபெல் அதைத் தன் சொந்த ஊர்ப்பக்கமான பென்சில்வேனியாவுக்கு அனுப்பினார். அதை வைத்து எழுதிய கட்டுரை 1860 பிப்ரவரியில் 'செஸ்டர் கவுண்டி டைம்ஸ்' இதழில் வெளிவந்தது. சந்தையில் பெயர் தெரியாத சரக்குக்கு முதலில் விவரச் சீட்டு வேண்டும் என்பது மனை விற்றுப் பழகிய ஒருவருக்குத்தான் சட்டென்று தோன்றும்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதற்கு அந்த நிலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஃபெல் 1808-இல் பென்சில்வேனியாவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். புத்தகம் விற்றுக்கொண்டே மேற்கே நகர்ந்தவர், ஓஹையோவின் ஸ்டூபன்வில்லில் சட்டம் படித்து, 1832-இல் இல்லினாய் வந்து சேர்ந்தார். பழங்குடி மக்களோடு பிளாக் ஹாக் போர் நடந்த வருடம் அது. மத்திய இல்லினாயின் அந்தப் புல்வெளியில் கிக்கப்பூ பழங்குடி மக்கள் வாழ்ந்துவந்தார்கள். 1819-இல் எட்வர்ட்ஸ்வில் ஒப்பந்தத்தில் அவர்களிடமிருந்து நிலத்தை எழுதி வாங்கியாயிற்று. போகாமல் ஒட்டிக்கொண்டிருந்த சிலரும் ஃபெல் வந்த காலத்தையொட்டி மேற்கே அனுப்பப்பட்டார்கள். ஃபெல் இதைச் செய்யவில்லை. ஆனால் அவர் வாங்கிய ஒவ்வொரு ஏக்கரின் தாய்ப்பத்திரத்துக்கும் முன்னால் இந்த வெளியேற்றம் இருக்கிறது. அவர் வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதியவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். நீங்கள் கேட்டது யோக்கியதையைப் பற்றி என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்பிரிங்ஃபீல்டில் வக்கீல் தொழில் செய்த ஜான் ஸ்டூவர்ட்டின் யோசனைப்படி ஃபெல் போய் உட்கார்ந்த ஊர் ப்ளூமிங்டன். அது இருக்கும் மெக்லீன் கவுண்டியே 1830-இன் கடைசியில் பிறந்தது. ஊருக்கு ஒரு வயது. அதன் முதல் வக்கீல் இவர்தான். வழக்கு எங்கே வரப்போகிறது? நிலம்தான் அங்கே ஒரே தொழில்.

அந்தப் புல்வெளியை நம் கண்ணால் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கரிய மண், ஆளுயரத்துக்கு மேல் புல், உலகத்திலேயே நல்ல மக்காச்சோளம் விளையக்கூடிய பூமி. ஆனால் ஆரம்பத்தில் வந்த குடியானவர்கள் அதற்குள் இறங்கப் பயந்தார்கள். விறகு, வேலி, வீடு எல்லாவற்றுக்கும் மரம் வேண்டும். புல்வெளியில் மரம் கிடையாது. அதனால் ஆங்காங்கே இருந்த தோப்புகளின் ஓரத்தில் ஒண்டினார்கள். ப்ளூமிங்டனும் அப்படித் தோப்போரம் முளைத்ததுதான். நூற்றாண்டுக் கணக்கில் பின்னிக் கிடந்த புல்வேரை மரக்கலப்பை கிழிக்காது. ஈர மண் கொழுவில் அப்பிக்கொள்ளும். ஜான் டீர் எஃகுக் கலப்பையை 1837-இல் செய்ததும் இதே இல்லினாயில்தான். பல இடங்களில் வருடத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கும், குளிர்காய்ச்சல் வரும். எல்லாவற்றையும் தாண்டி விளைவித்தாலும், மாட்டுவண்டியில் சோளத்தை ஏற்றிக்கொண்டு போனால் சந்தை போய்ச் சேருவதற்குள் வண்டிச் சத்தம் சோளத்தின் விலையைத் தின்றுவிடும். அரசாங்கம் ஏக்கர் 1.25 டாலர் என்று விற்றது. அதற்கே கூட்டம் அலைமோதவில்லை.

இங்கேதான் நில வியாபாரியின் மூளை வேலை செய்கிறது. வெட்டவெளியில் ஒரு ஏக்கருக்கு விலை வரவேண்டுமானால், அங்கே மனிதர்கள் தங்குவதற்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். நீதிமன்றம், தபால் நிலையம், ரயில், பள்ளிக்கூடம், செய்தித்தாள் எதுவானாலும் சரி. ஃபெல் தன் ஆயுளில் செய்தது எல்லாம் அந்தக் காரணங்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து தன் நிலத்துக்குப் பக்கத்தில் இறக்கியதுதான். ப்ளூமிங்டனிலிருந்து டிகேட்டருக்குப் போகும் பாதையில், ஏறக்குறைய நட்ட நடுவில், அவரும் கூட்டாளி ஜேம்ஸ் ஆலினும் ஓய்வெடுக்க நின்றார்கள், 'இங்கே ஒரு ஊர் இருந்தால் என்ன' என்று பேசிக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். 1835-இல் அந்த இடத்தில் கிளிண்டன் என்ற ஊர் எழுந்தது. பிறகு அதையே தலைமையிடமாக வைத்து ஒரு புதுக் கவுண்டியும் வந்தது. 1837-இல் ப்ளூமிங்டனின் முதல் செய்தித்தாளான 'அப்சர்வர்' தொடங்கவும் இவர் முன்நின்றார். ஊர் என்று ஒன்று இருப்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லப் பத்திரிகை வேண்டுமே!

வக்கீல் தொழிலை டேவிட் டேவிஸ் என்ற இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டு, கடனுக்கும் கையிருப்புக்கும் நிலமாக வாங்கிக் குவித்தார். 1837-இல் நாடு முழுக்க வங்கிகள் சரிந்தபோது எல்லாம் போயிற்று. அவர் ஒருவர் மட்டுமல்ல. வரைபடத்தில் தெருவும் சதுக்கமும் போட்டு மனை விற்ற எத்தனையோ காகித ஊர்கள் அந்த ஆண்டோடு புல்லுக்கே திரும்பின. ஃபெல் மேற்கே ஆடம்ஸ் கவுண்டிக்குப் போய்ச் சில வருடம் பழத்தோட்டம் வைத்துப் பிழைத்தார். (அந்த டேவிட் டேவிஸ்தான் 1860-இல் குடியரசுக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் லிங்கனுக்காக ஆள் சேர்த்தவர், பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். ஃபெல் விட்டுப்போன நாற்காலி ராசியான நாற்காலி.)

அவரைத் திரும்ப எழுப்பியது ரயில். 1850-இல் நாடாளுமன்றம் இல்லினாய் சென்ட்ரல் பாதைக்காக ஏறக்குறைய 26 லட்சம் ஏக்கர் நிலத்தை ஒதுக்கியது. நிலத்தைக் கொடுத்து ரயில் போட வைப்பது அந்த அளவில் அமெரிக்காவுக்கு அப்போது புதிது. 1853-இல் இல்லினாய் சென்ட்ரலும் சிகாகோ–ஆல்ட்டன் பாதையும் ப்ளூமிங்டனைத் தொட்டன. இரண்டு தண்டவாளங்களும் ஒன்றையொன்று வெட்டிய இடம் ஊருக்கு வடக்கே, வெறும் புல்வெளியில். அந்தச் சந்திப்பைச் சுற்றி ஃபெல்லும் கூட்டாளிகளும் நிலம் வாங்கினார்கள். 1854-இல் 'வடக்கு ப்ளூமிங்டன்' என்று மனைப்பிரிவு போட்டு ஏலம் விட்டார்கள். கிரயப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: இந்த மனையில் சாராயம் விற்கக் கூடாது.

ஆனால் ரயில் சந்திப்பு மட்டும் ஒரு ஊரை நிறுத்திவிடாது. வண்டி மாறுகிறவன் தங்கமாட்டான். 1857-இல் மாநிலம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்க முடிவு செய்தது. எந்த ஊர் அதிகம் கொடுக்கிறதோ அதற்குத்தான் கல்லூரி என்று ஏறக்குறைய ஏலமாகவே நடந்தது. பியோரியா நகரம் சுமார் 80,000 டாலர் தர முன்வந்தது. ஃபெல் வீடுவீடாக, பண்ணைபண்ணையாகப் போய் உறுதிமொழி வாங்கினார். கவுண்டி நிர்வாகத்தைப் பேசி 70,000 டாலருக்குச் சம்மதிக்க வைத்தார். எல்லாம் சேர்த்து 1,41,000 டாலரைத் தாண்டியது. கவுண்டியின் பங்கு எங்கிருந்து வரும்? அதன் கையில் இருந்த சதுப்பு நிலங்களை விற்று. விற்காவிட்டால்? அதற்குத் தனிநபர்கள் ஜாமீன் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஜாமீன் பத்திரத்தை எழுதிய வக்கீல் லிங்கன். தண்ணீர் தேங்கிய நிலத்தை விற்று வாத்தியார்களைப் பயிற்றுவிப்பது என்ற திட்டம் எனக்கு இன்றும் சிரிப்பையும் மரியாதையையும் ஒன்றாக வரவழைக்கிறது.

கல்லூரி வந்த 160 ஏக்கர், ப்ளூமிங்டன் நகருக்குள் இல்லை. ஃபெல்லின் மனைகளுக்குப் பக்கத்தில், அந்தச் சந்திப்பில்தான் வந்தது. இதில் நீங்கள் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. உயர்த்துங்கள், நியாயம்தான். அதே வருடம் மறுபடி வங்கிகள் சரிந்தன. கட்டட வேலை நின்றது, உறுதிமொழி கொடுத்தவர்கள் கையை விரித்தார்கள், சதுப்பு நிலத்தை வாங்க ஆளில்லை. முதல் முதல்வர் சார்லஸ் ஹவி கடன்மேல் கடன் வாங்கித்தான் கட்டடத்தை முடித்தார். வகுப்புகள் அதுவரை ப்ளூமிங்டனில் 'மேஜர்ஸ் ஹால்' மாடியில் நடந்தன. முந்தின ஆண்டு லிங்கன் பேசி, யாரும் குறிப்பெடுக்காமல் காற்றோடு போன அந்தப் பேர்பெற்ற உரை நிகழ்ந்ததும் இதே ஹாலில்தான். வெறும் ஊக வணிகர் என்றால் இந்தக் கட்டத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார்; அந்தக் காலத்தில் பலர் அதைத்தான் செய்தார்கள். ஃபெல் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே குடியேறினார்.

இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பது. அவர் பொதுநலவாதியா லாபக்காரரா என்று பிரித்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. கல்லூரி வந்தால் மனை விலை ஏறும் என்று அவருக்குத் தெரியும், அதற்காகவே கொண்டுவந்தார். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதும் அவருக்கு உண்மையாகவே வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே பத்திரத்தில், ஒரே கையெழுத்தில் இருந்தன. அவரை மற்ற மனை வியாபாரிகளிடமிருந்து பிரித்துக் காட்டுவது நல்ல மனசு என்று நான் சொல்லமாட்டேன். தான் விற்ற தெருவில் தானும் நடக்க வேண்டியிருந்தது என்பதுதான் வித்தியாசம். தெரு எப்படி இருக்கிறது என்ற கவலை, கிரயம் முடிந்த மறுநாளும் அவருக்கு இருந்தது.

மரங்களைப் பாருங்கள். மரமில்லாத வெளியில் ஆயிரக்கணக்கில் மரக்கன்று நட வைத்தார். கல்லூரி வளாகத்துக்குத் திட்டம் போட்டுத் தர பிலடெல்பியாவிலிருந்து வில்லியம் சாண்டர்ஸ் என்ற தோட்டக்கலை நிபுணரைப் பிடித்தார்கள். பின்னாளில் கெட்டிஸ்பர்க் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தை வடிவமைத்தவர் அவர். இன்று பல்கலைக்கழகமாகிவிட்ட அந்தக் கல்லூரியின் மரத்தோட்டத்துக்கு ஃபெல்லின் பெயர்தான்.

1865-இல் ஊருக்குக் கல்லூரியின் பெயரையொட்டி 'நார்மல்' என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள். 1867-இல் நகராட்சிச் சாசனம் கிடைத்தபோது, பத்திரத்தில் இருந்த மதுவிலக்கு நிபந்தனை சாசனத்துக்குள்ளும் ஏறியது. நிரந்தரத் தடை! ஒரு குவேக்கர் வீட்டுப் பிள்ளையின் கொள்கை என்று எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளை வெளியூரில் படிக்க அனுப்பும் பெற்றோருக்கு அது நல்ல விளம்பரம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன்.

தோற்றதும் உண்டு. மாநிலம் தொழில்–வேளாண் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கப்போவதாக அறிவித்தபோது ஃபெல் பழைய உற்சாகத்தோடு மறுபடி களத்தில் இறங்கினார். மெக்லீன் கவுண்டி கொடுக்க முன்வந்தது சாம்பெய்ன் கவுண்டியைவிடக் கூடுதல். ஆனால் 1867-இல் சட்டமன்றத்தில் ஆள் பிடிக்கும் கலையில் சாம்பெய்ன்காரர்கள் இவரையே மிஞ்சிவிட்டார்கள். இன்றைய இல்லினாய் பல்கலைக்கழகம் அங்கே இருப்பதற்கு அதுதான் காரணம். ஃபெல் அடுத்த வேலையைப் பார்த்தார். உள்நாட்டுப் போரில் இறந்த வீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை நார்மலுக்குக் கொண்டுவந்தார். 1869-இல் அது திறந்தது.

1887-இல் காலமானார். எந்தப் பெரிய பதவியிலும் உட்காரவில்லை. போர்க்காலத்தில் லிங்கன் கொடுத்த, படைவீரர்களுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரி வேலையைக் கொஞ்ச காலம் பார்த்தார், அவ்வளவுதான். நார்மலில் இன்று 50,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். ரிவியன் மின்சாரக் கார்களும் வண்டிகளும் அங்கேதான் தயாராகின்றன. அந்த நிரந்தர மதுவிலக்கு 1970-களில் முடிவுக்கு வந்தது. தான் பத்திரத்தில் எழுதிய நிபந்தனை, தான் செத்து எண்பது வருடத்துக்கு மேலும் ஒரு ஊரைக் கட்டிப்போட்டது என்றால் எந்த மனை வியாபாரியும் பெருமைப்படுவான்.

அன்புடன்,
கட்டுரையாளன்

பி.கு.: வாரிசுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஃபெல்லின் மகள் எலைசாவை மணந்த டபிள்யூ. ஓ. டேவிஸ், ப்ளூமிங்டனின் 'பேண்டகிராஃப்' பத்திரிகையை நடத்தினார். அவர்களுடைய மகள் ஹெலனின் பிள்ளைதான் அட்லாய் ஸ்டீவன்சன். 1952-லும் 1956-லும் ஜனாதிபதி தேர்தலில் நின்று இரண்டு முறையும் ஐசன்ஹோவரிடம் தோற்றவர். லிங்கனை ஜனாதிபதி ஆக்க ஓடியலைந்தவரின் கொள்ளுப்பேரனுக்கு அந்த நாற்காலி வாய்க்கவில்லை. அவரைப் பற்றித் தனியாக எழுதச் சொல்லி உங்கள் அடுத்த கடிதம் வரும் என்று தெரியும். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.