பழைய டிராக்டர் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

அரியலூர் ஜில்லாவில் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்துள்ள திருமழபாடி, நந்தியெம்பெருமானின் திருக்கல்யாணத்தால் பெயர்பெற்ற ஊராகும். ஆற்றையடுத்த வண்டல் நிலங்களில் நெல்லும் கரும்பும் வாழையும் பயிராகின்றன. வடக்கே செல்லச் செல்லப் பருத்தியும் மக்காச்சோளமும் மிகுதியாகும். உழவு மாடுகள் குறைந்துவிட்டமையால், சேற்றுழவுக்கும் புழுதியுழவுக்கும் டிராக்டரே இப்பொழுது ஆதாரமாயிருக்கிறது. புதிய டிராக்டரின் விலை பல லட்சம் ரூபாயாதலால், சிறு விவசாயிகள் ஒருவர் உழைத்துவிட்ட பழைய யந்திரத்தை நாடுவது இயல்பே. அதற்கு வேண்டிய பணம் பெரும்பாலும் நகைகளை அடகு வைத்தோ, நிலத்தின்மீது கடன் பெற்றோ வருவது. ஆகையால், யந்திரத்தைத் தெரிந்தெடுப்பதில் நேரும் பிழை, குடும்பத்தின் நகையையும் நிலத்தையும் தொடும் என்பதை மறத்தலாகாது.

மாடு வாங்குவதில் நம் விவசாயிகளுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து வயதறிவர். நடையையும் குளம்பையும் நோக்குவர். நுகத்தில் பூட்டி ஓட்டிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். அவ்வளவு எச்சரிக்கையுள்ளவர்களே, டிராக்டர் என்று வரும்போது, புதிதாகப் பூசிய வர்ணத்தையும் தரகர் சொல்லையும் நம்பி முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். பழைய மோட்டார் வண்டிகளின் வியாபாரத்தை ஆராய்ந்து, 1970-ம் ஆண்டில் கட்டுரை வெளியிட்ட ஜார்ஜ் ஆகர்லாப் என்னும் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஓர் உண்மையை விளக்கினார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆதலால் வாங்குபவர் நடுத்தர விலையே கொடுக்க முன்வருவார். அவ்விலைக்கு நல்ல வண்டியை உடையவர் விற்க மனமின்றி விலகுவார். சந்தையில் பழுதுள்ளவையே மிகும். டிராக்டருக்கும் இது பொருந்தும். இதற்கு மருந்து பரீட்சை ஒன்றே.

புதிய யந்திரங்களுக்கு அத்தகைய பரீட்சை ஏற்பட்டுள்ளது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்தில் வில்மட் குரோஸியர் என்னும் விவசாயி, தாம் வாங்கிய டிராக்டர் சொல்லியபடி உழைக்காமையால் நொந்து, பின்னர் சட்டசபை அங்கத்தினரானபோது, 1919-ல் டிராக்டர் பரீட்சைச் சட்டம் நிறைவேறக் காரணமாயிருந்தார். நம் தேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலுள்ள புத்னியில் மத்திய சர்க்காரின் நிலையம் டிராக்டர்களைப் பரீட்சித்து அறிக்கை வெளியிடுகிறது. ஆனால் இவையெல்லாம் புதிய மாதிரிகளுக்கே. பழைய யந்திரத்துக்கு வாங்குபவரே பரீட்சகராதல் வேண்டும்.

யந்திரம் தேவைதானா?

யந்திரத்தைப் பார்க்கப் புறப்படுமுன், வீட்டிலேயே ஒரு கணக்குப் போடவேண்டும். கீழ்க்கண்ட தொகைகள் கணக்கிடும் முறையைக் காட்டவே உத்தேசமாகக் கொள்ளப்பட்டவை. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் விலையை வைத்துக்கொள்க.

விலை ரூ. 3,00,000. டயர், கிளட்ச் முதலிய உடனடிச் செப்பனிடல் ரூ. 80,000. பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் வகையில் ரூ. 20,000. ஆக முதல் ரூ. 4,00,000. ஐந்து ஆண்டு உழைத்தபின் ரூ. 1,50,000-க்கு விற்கலாமெனின், தேய்மானம் ரூ. 2,50,000, அதாவது ஆண்டுக்கு ரூ. 50,000. முதலுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி ரூ. 40,000. ஆண்டுப் பராமரிப்பு ரூ. 30,000. மொத்தம் ஆண்டொன்றுக்கு ரூ. 1,20,000. வாடகை டிராக்டர் மணிக்கு ரூ. 1,000 என்றும், சொந்த டிராக்டரின் டீஸல், ஓட்டுநர் கூலி மணிக்கு ரூ. 500 என்றும் கொண்டால், மிச்சமாவது மணிக்கு ரூ. 500. எனவே ஆண்டுக்கு 240 மணி நேரம் வேலையிருந்தாலன்றி, வாங்கியது நஷ்டமேயாகும்.

ஓர் ஏக்கருக்குப் போகம் ஒன்றுக்கு ஆறு மணி நேர வேலையெனில், ஐந்து ஏக்கரில் இரு போகம் செய்பவருக்குச் சொந்த வேலை 60 மணியே. மீதி 180 மணியைப் பிறர் நிலத்தில் தேட வேண்டும். ஊரில் ஏற்கெனவே பல டிராக்டர்கள் இருந்தால் அவ்வேலை கிட்டுமா என்பதை முதலில் விசாரித்தல் நலம். கிட்டாதெனின், வாடகைக்கு அமர்த்திக்கொள்வதே மேல். வேளாண்மைப் பொறியியல் துறையார் யந்திரங்களை வாடகைக்கு விடுவதையும், உழவன் செயலி மூலம் அதற்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்பதையும் நினைவிற் கொள்க.

நின்ற நிலையில் பரீட்சை

காலையில், யந்திரம் குளிர்ந்திருக்கும்போதே சென்று பார்க்கவேண்டும். முதலில் ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்க. வெதுவெதுப்பாயிருந்தால், கிளம்பத் தொல்லை கொடுக்கும் எஞ்சினை முன்னதாகவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருத்தல் கூடும். மற்றொரு நாள் வரலாம்.

எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்க்கவும். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் எஞ்சினில் நீர் கலந்துள்ளது. ரேடியேட்டர் நீரின்மேல் எண்ணெய் மிதந்தாலும் குற்றமே. சேற்றுழவில் கேஜ் வீல் பூட்டி உழைத்த யந்திரங்களில், பின் அச்சு எண்ணெயையும் தவறாது பார்க்கவேண்டும். சீல்கள் தேய்ந்து சேற்றுநீர் உட்புகுந்திருந்தால் அவ்வெண்ணெயும் வெளுத்திருக்கும். பல் சக்கரங்களும் பேரிங்குகளும் கெட்டிருக்கும். நெல் வட்டாரத்தில் வாங்குவோர் இதனைச் சிறப்பாய்க் கவனித்தல் அவசியம்.

ஓடிய மணியைக் காட்டும் மீட்டரை மட்டும் நம்பலாகாது. அதன் இணைப்பைக் கழற்றிவிடவும், மீட்டரையே மாற்றவும் இயலும். மாட்டுக்குப் பல்லைப் போல, டிராக்டருக்கு வயது சொல்லும் உறுப்புகள் வேறுண்டு. கிளட்ச், பிரேக் மிதிகளின் தேய்வு, பி.டி.ஓ. தண்டின் பற்கள், கலப்பை மாட்டும் கைகளின் குண்டுகள், டிரெய்லர் மாட்டும் துளை ஆகியவற்றை நோக்குக. மீட்டர் குறைந்த மணியைக் காட்ட, டிரெய்லர்த் துளை முட்டை வடிவாய்த் தேய்ந்தும், பின் டயர்க் கட்டைகள் நடுவில் மழுங்கியும் இருந்தால், அது வயலைவிட ரோட்டில் அதிகச் சுமை இழுத்த வண்டி என்று ஊகிக்கலாம்.

ஓட்டிப் பரீட்சை

எஞ்சினைக் கிளப்பிப் புகையைப் பார்க்கவும். கிளப்பியவுடன் சற்றுப் புகைதல் இயல்பே. சூடேறிய பின்னும் நீலப் புகை வந்தால், எஞ்சின் எண்ணெய் எரிகிறது. ரிங்குகளோ வால்வு வழிகளோ தேய்ந்திருக்கும். ஓயாத கரும்புகை, காற்று வடிகட்டி அடைப்பையோ இன்ஜெக்டர் குறையையோ காட்டும்; இது பெரும்பாலும் சிறு செலவில் தீரும். வெண்புகை நீடித்தால், டீஸல் சரிவர எரியாமையோ, ஹெட் காஸ்கெட் வழியே நீர் இறங்குதலோ காரணமாகலாம். பிரீதர்க் குழாயிலிருந்து குபுகுபுவென ஆவி வந்தால், எஞ்சினைப் பிரித்து வேலை செய்யும் காலம் நெருங்கிவிட்டது என்று அறியலாம்.

பின்பு உயர்ந்த கியரில் பிரேக்கை அழுத்திக்கொண்டு, கிளட்சை மெதுவாய் விடுக. எஞ்சின் நின்றுவிடவேண்டும், நில்லாமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. முன்புறம் ஆட்களில்லாத வெளியிலேயே இதைச் செய்க. கொத்துக் கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, அது விரைவில் இறங்குகிறதா என்று நோக்குக. முன் சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி அசைத்துப் பார்த்தால் பேரிங்கின் ஆட்டம் தெரியும்.

இவையனைத்தினும் முக்கியமானது, வயலில் உழுது பார்ப்பதேயாகும். டாங்கை வாய்வரை நிரப்பி, ஒரு மணி நேரம் உழுதபின், அளவுப் பாத்திரத்தால் மீண்டும் நிரப்பினால் டீஸல் செலவு தெரிந்துவிடும். அதே மாதிரி யந்திரத்தை ஊரில் வைத்திருப்பவர் செலவுடன் அதனை ஒப்பிடலாம். சுமையேறிய வேளையில் கியர் தானே நழுவுகிறதா, எஞ்சின் அளவுக்கு மேல் கொதிக்கிறதா, எண்ணெய் அழுத்தம் குறைகிறதா என்பனவும் அப்பொழுதே புலப்படும். உழுது காட்ட இசையாத உரிமையாளரிடம் வாங்காதிருத்தல் உத்தமம். தமக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து உடனழைத்துச் செல்வது வீண் செலவாகாது.

தஸ்தாவேஜுகள்

ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியில் பொறித்துள்ளவற்றுடன் எழுத்தெழுத்தாய் ஒத்துப் பார்க்கவேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோக வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும். பாங்கிக் கடனில் வாங்கிய வண்டியானால், கடன் தீர்ந்ததற்கான சான்றையும் 35-ம் எண் படிவத்தையும் பெற்று, புத்தகத்திலுள்ள கடன் குறிப்பை நீக்கவேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் எண் படிவங்கள் தேவை.

கொள்ளிடக் கரையில் வாங்குவோர் மற்றொன்றையும் விசாரிக்கவேண்டும். அனுமதியின்றி மணல் ஏற்றிய வண்டிகளைக் கைப்பற்ற 1957-ம் ஆண்டு கனிமச் சட்டம் இடந்தருகிறது. அத்தகைய வழக்கு நிலுவையிலுள்ள வண்டியை வாங்கினால், பணமும் போய் வண்டியும் போகலாம்.

விற்பவரும் அசட்டையாயிருத்தல் கூடாது. பதிவில் எவர் பெயருள்ளதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவர் என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்துள்ளது. வெள்ளைத் தாளில் கையெழுத்திட்டு வண்டியைக் கொடுத்துவிட்டால் கவலை தீராது.

விலை பேசுதல்

பரீட்சையிற் கண்ட குறைகளை ஒரு தாளில் வரிசையாய் எழுதி, ஒவ்வொன்றையும் செப்பனிட ஆகும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டுக் குறித்துக்கொள்க. நல்ல நிலையிலுள்ள அதே வயது யந்திரத்தின் விலையிலிருந்து அத்தொகையைக் கழித்தால் வருவதே நியாயமான விலை. மலிவான வண்டியின் விலையோடு அதன் செப்பனிடும் செலவைக் கூட்டினால், நல்ல வண்டியின் விலையை மிஞ்சுவது பலமுறை காணக்கூடியதே. டயர், பாட்டரி, வடிகட்டிக் குறைகள் பேரத்துக்கு உதவுவன. எஞ்சினில் நீர் கலத்தல், பின் அச்சுக் கேடு, எண்கள் சுரண்டப்பட்டிருத்தல் ஆகியவை பேரத்தையே நிறுத்த வேண்டியன. ஆடிப் பட்டத்தின் அவசரத்தில் வாங்காமல், உழவு வேலை ஓய்ந்த காலத்தில் இரண்டு மூன்று யந்திரங்களைப் பார்த்து ஒப்பிடுவோருக்கு, விலையும் சாதகமாகும். பரீட்சிக்க அவகாசமும் கிட்டும். அவ்வாறு பார்த்தும் கணக்கு ஒத்துவராவிடின், அவ்வாண்டு வாடகை உழவோடு நின்று, நகையைப் பெட்டியிலேயே வைத்திருப்பது விவேகமாகும்.