சாஃப்ட் கோபுரத்தில் மூன்று முக்கோணங்கள்

கேள்வி: ஐயா, என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். முக்கோணம் தனியாக இருந்தால் பக்கங்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறாள். ஒரே படத்தில் இரண்டு மூன்று முக்கோணங்கள் ஒட்டிக்கொண்டு வந்தால், ஆப்போசிட் எது, அட்ஜசென்ட் எது, ஹைப்பாட்டனியூஸ் எது என்று குழம்பி அழுகிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். என் அப்பா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அவளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?
- ஒரு தாய், ராபர்ட்சன்பேட்டை

பதில்: அம்மா, உங்கள் மகளுக்குக் கணக்கு வராமல் இல்லை. கோட்டுக்கு ஒரு பெயர்தான் உண்டு என்று நினைத்துவிட்டாள், அவ்வளவுதான். ஒரே பெண் ஒரு வீட்டில் மகள், இன்னொரு வீட்டில் மருமகள். கோடும் அப்படித்தான். எந்த முக்கோணம், அதில் எந்தக் கோணம் என்று முடிவு செய்த பிறகே பெயர் சொல்ல முடியும்.

சுரங்கத்துக்குள் நேராக இறங்கும் குழியான சாஃப்ட்டுக்கு மேலே நிற்கும் இரும்புக் கோபுரத்தைச் சாலையில் நின்றபடியே வரையச் சொல்லுங்கள். உச்சியில் சக்கரம் இருக்கும் இடம் உ. அதற்கு நேர் கீழே தரையில் அ. கோபுரத்தைத் தாங்கும் சாய்ந்த கால் ஊன்றிய இடம் க. அதே பக்கம் இன்னும் தள்ளி, சக்கரத்திலிருந்து வரும் கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுத்த எஞ்சின் வீடு எ. நான்கும் ஒரே தளத்தில் இருப்பதாகவும், எ தரைமட்டத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளலாம். படத்தில் இப்போது மூன்று முக்கோணங்கள்: உஅக, உஅஎ, உகஎ. ஒவ்வொன்றையும் தனித்தாளில் பெயர்த்து வரையட்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

உஅக-வில் செங்கோணம் அ-வில். அதற்கு எதிரே இருக்கும் சாய்ந்த கால் உக-தான் கர்ணம், அவள் சொல்லும் ஹைப்பாட்டனியூஸ். க-வில் நின்று பார்த்தால் கோபுரம் எதிர்ப்பக்கம், தரை அடுத்துள்ள பக்கம். உச்சிக்கு ஏறி உ-வில் நின்று பார்த்தால் இரண்டும் இடம் மாறிவிடும். கர்ணம் மட்டும் மாறாது. உஅஎ-யிலும் இதேதான், அங்கே கயிறு உஎ கர்ணம். உஅ என்ற கோபுரம் இரண்டுக்கும் பொது.

மூன்றாவதில்தான் பிள்ளைகள் வழுக்குவார்கள். உகஎ-யில் செங்கோணமே இல்லை, க-வில் இருப்பது விரிகோணம். உஎ அங்கே மிக நீளமான பக்கம், ஆனால் கர்ணம் அல்ல. நீளமானதெல்லாம் கர்ணம் என்று மனப்பாடம் செய்திருந்தால் இன்றே மறக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பாடம் உங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன், உரிகம், மாரிகுப்பம் பக்கம் மக்கள் மண்ணிலிருந்து பொன் எடுப்பதைக் கேள்விப்பட்டுச் சோதித்துப் பார்த்தவர். அளவையாளர் லாம்டன் பரங்கிமலை அருகே தொடங்கிய பெரும் முக்கோண அளவைக்காக, 1804-இல் பெங்களூர் அருகே ஏழு மைலுக்கும் அதிகமான அடிக்கோட்டை அளந்தவரும் அவரே. அந்த முறையில் ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளப்பார்கள். மற்றவை கோணங்களிலிருந்து கணக்கில் வரும், ஒவ்வொரு கோணத்துக்கும் எதிரே உள்ள பக்கத்தைப் பிடித்துக்கொண்டு. பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்த நீளமும் சரிபார்ப்பதற்காகப் பெங்களூரில் தரையில் அளந்த நீளமும் சில அங்குலங்களே வேறுபட்டன. நடுவில் எங்காவது எதிர்ப்பக்கத்தை மாற்றி எடுத்திருந்தால் இது நடந்திருக்குமா?

கடைசியாக ஒரு படம். தங்கம் இருந்த பாறைப் படிவமான ரீஃப் தரையில் தலைகாட்டி, மேற்கே சரிந்து இறங்குகிறது. அதற்கு மேற்கே நேராக இறக்கிய சாஃப்ட், ஆழத்தில் போய் ரீஃபைத் தொடும். செங்கோணம் சாஃப்ட் வாயில், அதாவது மேலே. ரீஃப்தான் கர்ணம். ரீஃப் தலைகாட்டும் முனையில் நின்றால், உங்கள் அப்பா கேஜில் இறங்கிய சாஃப்ட் எதிர்ப்பக்கம். அடியில், ரீஃபைத் தொடும் முனையில் நின்றால் எதிர்ப்பக்கம் எது? விடையை அவளே சொல்லட்டும். தடுமாறினால் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுங்கள்.