புகைக்கிறீர்களா? புகைத்தீர்களா?
முன்னாள் படைவீரர்களும் நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனைத் தகுதியும்

நுரையீரல் புற்றுநோய் ஓசையின்றி வளரும் நோய். இருமலில் இரத்தம், மூச்சுத் திணறல், எடைக் குறைவு என அறிகுறிகள் வெளிப்படும்போது பலருக்கு நோய் முற்றியிருக்கும். ஆகவேதான் அறிகுறி தோன்றுமுன்பே நோயைத் தேடும் பரிசோதனை முக்கியத்துவம் பெறுகிறது. ஆனால் அது கேட்டவர்க்கெல்லாம் பரிந்துரைக்கப்படுவதில்லை. வயதையும் புகைப்பழக்கத்தையும் வைத்து வகுத்த தகுதி வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் முன்னாள் படைவீரர்கள் எவ்வளவு அடங்குகிறார்கள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரம்பு பிறந்த கதை

அமெரிக்காவில் 2002இல் தொடங்கிய தேசிய ஆய்வொன்றில் 55 முதல் 74 வயதுக்குட்பட்ட 53,454 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்குக் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன், மறு பிரிவினருக்கு நெஞ்சு எக்ஸ்-ரே. 2011இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது: சிடி ஸ்கேன் பிரிவில் நுரையீரல் புற்றுநோய் மரணங்கள் 20 விழுக்காடு குறைந்திருந்தன.

இங்கு ஓர் அளவையை அறிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு 20 சிகரெட் கொண்ட ஒரு பெட்டி வீதம் ஓராண்டு புகைத்தால் அது ஒரு ‘பெட்டி-ஆண்டு’. நாளைக்கு 10 சிகரெட் என்றால் இரண்டு ஆண்டுகள் சேர்ந்து ஒரு பெட்டி-ஆண்டு. (நான் ஜொகூரில் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசியப் பள்ளியிலும் படித்தவன், அறிவியலை மலாயில் கற்றதால் இச்சொல்லை நானே இவ்வாறு தமிழாக்கிக்கொண்டேன்.)

அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2013இல் 55 முதல் 80 வயது, 30 பெட்டி-ஆண்டுகள், புகைப்பதை நிறுத்தி 15 ஆண்டுகளுக்குள் என வரம்பிட்டது. 2021இல் அது 50 வயது, 20 பெட்டி-ஆண்டுகள் எனத் தளர்ந்தது. 15 ஆண்டு விதி அப்படியே நின்றது. சிங்கப்பூர் மருத்துவக் கழகத்தின் குழு 2019இல் அளித்த பரிந்துரை 55 முதல் 74 வயது, 30 பெட்டி-ஆண்டுகள், 15 ஆண்டுகள் என்பதாகும்.

சீருடையும் சிகரெட்டும்

அமெரிக்கப் படையினரின் உணவுப் பொட்டலத்திலேயே சிகரெட் வைத்துத் தரப்பட்டது. 1975இல்தான் அவ்வழக்கம் நின்றது. சிங்கப்பூரில் 1967இல் கட்டாயத் தேசிய சேவை தொடங்கியபோது அழைக்கப்பட்டவர்கள் 18 வயது இளைஞர்கள். சிகரெட் வாங்குவதற்கான சட்ட வயதும் நெடுங்காலம் 18ஆகவே இருந்தது. 2019 முதல் படிப்படியாக உயர்ந்து 2021இல்தான் 21ஐ எட்டியது. ஆக, முகாம் வாசலும் சிகரெட் கடையும் ஒரே வயதில் திறந்தன.

தேசிய சேவையின் முதல் அணியினர் 1949இன் முற்பாதியில் பிறந்தவர்கள். அவர்கள் 2023இல் 74ஐ எட்டிவிட்டனர். அதாவது, 2019 பரிந்துரையின் மேல் வரம்பை அந்த அணி கடந்துவிட்டது.

ஒரு கணக்கு

உட்லண்ட்ஸில் நான் தங்கியிருக்கும் வீட்டில் என் மாமா இருக்கிறார். இராணுவத்தில் பணியாற்றியவர்; வயது 66. 18 வயதில் தொடங்கி நாளைக்கு 15 சிகரெட் வீதம் 28 ஆண்டுகள் புகைத்து, 46இல் அடியோடு நிறுத்தினார். 15ஐ 20ஆல் வகுத்து 28ஆல் பெருக்கினால் 21 பெட்டி-ஆண்டுகள். நிறுத்தி 20 ஆண்டுகள் ஆகின்றன.

2019 சிங்கப்பூர்ப் பரிந்துரைப்படி அவருக்குத் தகுதியில்லை. 2021 அமெரிக்க வரம்பின்படி வயதும் பெட்டி-ஆண்டும் பொருந்துகின்றன. ஆனால் 15 ஆண்டு விதி அவரை வெளியே நிறுத்துகிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2023இல் அந்த விதியையே கைவிட்டது. அதன்படி அவர் தகுதியுடையவர். ஒரே மனிதர், ஒரே நுரையீரல், மூன்று ஏடுகளில் இரண்டு விடைகள்!

சங்கம் விதியைக் கைவிட்டதற்குக் காரணம் உண்டு. புகைப்பதை நிறுத்தினால் ஆபத்து குறைகிறது. எனினும் புகைக்காதவரின் அளவுக்கு அது இறங்குவதில்லை. வயதோ ஆண்டுதோறும் ஏறுகிறது.

எல்லாருக்கும் செய்துவிட்டால் என்ன?

இதற்கு விடை அமெரிக்கப் படைவீரர் நலத்துறையிடம் இருக்கிறது. 2013 முதல் 2015 வரை அதன் எட்டு மருத்துவமனைகளில் நடந்த முன்னோடித் திட்டத்தில் ஸ்கேன் செய்துகொண்டோர் 2,106 பேர். அவர்களில் 1,257 பேருக்கு நுரையீரலில் சிறு கட்டிகள் தென்பட்டன. புற்றுநோய் உறுதியானது 31 பேருக்கே. மற்றவர்களில் பலருக்கு மீண்டும் ஸ்கேன், மீண்டும் காத்திருப்பு, உறக்கமற்ற இரவுகள். ஆபத்து குறைந்தவர்களைச் சேர்க்கச் சேர்க்க இந்த வீண் கவலையே பெருகும். வரம்பு கஞ்சத்தனத்தால் மட்டும் வந்ததன்று.

ஆனால் வரம்பு எதை அளக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். கப்பல்களில் பயன்பட்ட கல்நார், டீசல் புகை ஆகியவையும் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணிகள். 2022இல் நிறைவேறிய அமெரிக்கச் சட்டமொன்று, போர்க்களக் குப்பைக் குழிகளின் புகையைச் சுவாசித்த வீரர்களின் சுவாசப் புற்றுநோய்க்கு இழப்பீட்டு உரிமை தந்தது. இருந்தும் பணிக்குழுவின் பரிசோதனை வரம்பு வயதையும் சிகரெட்டையும் மட்டுமே கேட்கிறது. தைவானோ 2022இல் தொடங்கிய திட்டத்தில் குடும்ப வரலாற்றையும் சேர்த்து, புகைக்காதவர்களுக்கும் வழி திறந்தது.

நாம் செய்யக்கூடியது

மருந்தகப் படிவங்களில் பொதுவாக இருப்பது “புகைக்கிறீர்களா?” என்னும் நிகழ்காலக் கேள்வி. நிறுத்தியவர் “இல்லை” என்பார், அது உண்மையும்கூட. ஆனால் 28 ஆண்டுகள் அந்த ஒரு சொல்லில் மறைந்துவிடுகின்றன. “புகைத்தீர்களா?” என்று காலத்தை மாற்றிக் கேட்டால்தான் கணக்கே தொடங்கும். நம் பெரியவர்கள் “பாக்கெட் ஒன்னு ரெண்டு நாளைக்கு வரும்” என்றுதான் சொல்வார்கள். அதைப் பெட்டி-ஆண்டாக மாற்றித் தர இரு மொழியும் அறிந்த நம்மால் முடியும்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: எந்த வயதில் தொடங்கினீர்கள்? நாளைக்கு எத்தனை? எந்த ஆண்டு நிறுத்தினீர்கள்? என்ன வேலை, எந்தப் புகை, எந்தத் தூசி? விடைகளை ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கொடுத்தனுப்புங்கள். ஸ்கேன் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். முடிவு செய்வதற்கான செய்தி அவர் மேசைக்குப் போய்ச் சேர்வது நம் பொறுப்பு.