பழைய வன்தட்டும் ஒரு வகுத்தல் கணக்கும்

பாகூர்ப் பகுதிப் பெரியவர்களிடம் என் மாணவர்கள் பதிவு செய்த நடவுப் பாடல்களை ஒரே வன்தட்டில் வைத்திருந்தேன். அது பழுதானதும் எல்லாம் போய்விட்டது. பாடிய பாட்டிகளில் ஒருவர் இப்போது இல்லை.

மற்றவர்களிடம் மீண்டும் பதிவு செய்தோம். அவற்றைக் காக்க, வீட்டு வைஃபையில் இணையும் சேமிப்பகம் ஒன்றை அமைத்தேன். செலவைக் குறைக்க, பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் ஓடிக் கழிக்கப்பட்டு, பரிசோதித்து விற்கப்படும் வன்தட்டுகள் இரண்டை வாங்கினேன்.

எட்டாம் வகுப்பில் அதையே கணக்காக்கினேன். வன்தட்டின் 'ஸ்மார்ட்' பதிவில் ஓடிய நேரம் 35,040 மணி. ஓராண்டுக்கு 24 × 365 = 8,760 மணி. வகுத்துப் பார்த்த மாணவி, "நாலு வருஷம் நிக்காம ஓடியிருக்கு சார்!" என்றாள்.

வாங்குவோர் கவனிக்க:

1. மணிக்கணக்கை அழித்து விற்பவர்களும் உண்டு. எழுத்துப்பூர்வ உத்தரவாதம் கேளுங்கள்.
2. மாற்றப்பட்ட செக்டர், நிலுவைச் செக்டர் இரண்டும் பூஜ்யமாக இருக்கட்டும்.
3. 'சாட்டா' வகையா என்று பாருங்கள். 'சாஸ்' வகை வீட்டுக் கருவிகளில் பெரும்பாலும் பொருந்தாது.
4. முழுத் தட்டிலும் ஒருமுறை எழுதி, படித்துச் சோதித்த பிறகே கோப்புகளை வையுங்கள்.

இரண்டு தட்டிலும் ஒரே பதிவு இருந்தாலும், தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். ஆகவே மூன்றாம் படி பள்ளியில் இருக்கிறது.

9ஆம் நூற்றாண்டில் பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைச் செப்பேடு இன்றும் சொல்கிறது. வன்தட்டுக்கு அந்த ஆயுள் கிடையாது. படிகள்தாம் அதற்குக் காவல். உங்கள் வகுப்பிலும் இக்கணக்கைச் செய்து பாருங்கள்.