கணினி கெடவில்லை

கேள்வி: பழைய அமிகா 500 கணினியைப் புதிய மானிட்டரில் விஜிஏ வயரால் இணைத்தேன். படமே வரவில்லை. கணினி கெட்டுவிட்டதா? – வாசகர், ஈப்போ

பதில்: அவசரப்பட்டுக் கணினியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் முன்பு இருந்த பால் (PAL) முறைப்படி அமிகா நொடிக்குச் சுமார் 15,625 வரிகளை அனுப்புகிறது. விஜிஏ மானிட்டர்களோ பெரும்பாலும் சுமார் 30,000 வரிகளுக்குக் குறைந்தால் ஏற்பதில்லை. முனையை மட்டும் மாற்றும் வயர் இந்த வேகத்தை மாற்றாது. வரிகளை இரட்டிப்பாக்கும் ஸ்கேன் டபுளர்தான் வேண்டும். மலிவான ஏவி – எச்டிஎம்ஐ பெட்டி போதாதா என்பீர்கள். படம் வரும், ஆனால் அமிகா 500இன் ஏவி முனையில் கிடைப்பது கறுப்பு வெள்ளைதான். தவிர, அமிகாவின் 50 ஹெர்ட்ஸை (நொடிக்கு 50 படங்கள்) 60 ஆக்கும் பெட்டி நொடிக்குப் பத்துப் படங்களை இருமுறை காட்டும். ஓடும் காட்சி திணறும். டபுளர் வரிகளை இரட்டிப்பாக்கினாலும் 50 ஹெர்ட்ஸை மாற்றாது; எனவே வாங்குமுன் உங்கள் மானிட்டர் 50 ஹெர்ட்ஸை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள்.