அல்ஹம்துலில்லாஹ் சொன்னால் நன்றி ஆகிவிடுமா?

கேள்வி: ஒவ்வொரு தொழுகை முடிந்ததும் 33 தடவை ‘அல்ஹம்துலில்லாஹ்’ சொல்கிறேன். விரல் எண்ணிக்கொண்டிருக்கும், மனம் அடுப்படியில் இருக்கும். ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்த மகனுக்கு, பின்தெருவில் இருக்கும் ஒருவர் சொல்லிவிட்டதால் போன மாதம் துபாயில் வேலை கிடைத்தது. அன்று இரண்டு ரக்அத் தொழுதேன். அப்போதும் நெஞ்சில் எந்த நெகிழ்ச்சியும் வரவில்லை. இதெல்லாம் நன்றியில் சேருமா? எந்தத் தேவையும் இல்லாத அல்லாஹ் நம்மிடம் நன்றியை ஏன் கேட்கிறான்? அந்த ஏழு மாதமும் நான் அழுததை, நன்றி கெட்டதனம் என்று மாமி சொன்னதும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.
– ஒரு வாசகி, காயல்பட்டினம்

பதில்: ஒரே கடிதத்தில் மூன்று கேள்விகள் கேட்டுவிட்டீர்கள், சகோதரி. மூன்றும் நல்ல கேள்விகள். அதிலும் முதல் கேள்வியை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தொழுகை விரிப்பைச் சுருட்டி வைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். நீங்கள் எழுதிக் கேட்டுவிட்டீர்கள்.

நன்றி என்றதும் நமக்கு இரண்டு காட்சிகள்தான் தோன்றுகின்றன. ஒன்று, கடையில் மீதிச் சில்லறையை வாங்கும்போது சொல்கிற ‘தேங்க்ஸ்’. மற்றொன்று, தொண்டை அடைத்துக் கண் கலங்குவது. முதலாவது மிகவும் மலிவாகத் தெரிவதால் இரண்டாவதைத் தேடுகிறோம். அது வராதபோது நம் நன்றி செல்லாக்காசு என்று நாமே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறோம். நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான். நெகிழ்ச்சி என்பது வந்தால் அல்லாஹ் தருகிற இன்னொரு கொடை. நெஞ்சைப் பிழிந்து அதை வரவழைக்க வேண்டும் என்று மார்க்கம் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

அப்படியானால் மார்க்கம் கேட்பது எதை? அது கேட்பதன் பெயர் ‘ஷுக்ர்’. நாம் இதை ‘நன்றி’ என்று மொழிபெயர்த்து விட்டுவிடுகிறோம். அரபு அகராதிகளில் இந்தச் சொல்லின் பழைய புழக்கத்தைத் தேடிப் போனால் அது நம்மைத் தொழுவத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கொஞ்சம் தீவனம் தின்றாலே உடம்பில் நன்றாகச் சதை பிடித்துவிடுகிற கால்நடையை அரபிகள் ‘ஷகூர்’ என்பார்கள். மடி நிறையப் பால் கட்டிய ஒட்டகத்தைப் பற்றிப் பேசவும் இதே வேரிலிருந்து ஒரு சொல் உண்டு. போட்ட தீனி மேனியில் தெரிகிறது அல்லவா, அந்தத் தெரிதல்தான் ஷுக்ர். இதற்கு எதிர்ச்சொல் ‘குஃப்ர்’, அதாவது மூடி மறைப்பது. விதையை மண்ணுக்குள் மூடுவதால் உழவருக்கும் பழைய அரபியில் அந்த வேரிலிருந்து பெயர் உண்டு. ஆக, கிடைத்த நிஃமத்தை, அதாவது அருட்கொடையை, நம் வாழ்க்கையில் வெளியே தெரிய விடுவது ஒரு வழி. இருந்த இடம் தெரியாமல் புதைத்துவிடுவது மறு வழி.

குர்ஆனும் இதே பொருளில்தான் பேசுகிறது. ‘ஸபா’ என்னும் 34வது அத்தியாயத்தின் 13வது வசனத்தில் நபி தாவூது (அலை) அவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு கட்டளை வருகிறது. நன்றியைச் சொல்லுங்கள் என்று அங்கே வரவில்லை, நன்றியாகச் செயல்படுங்கள் என்றுதான் வருகிறது. மதரஸாவில் ஓதிய காலத்தில் இந்த வினைச்சொல்லுக்கு எங்கள் உஸ்தாத் முழுதாக ஒரு பாடவேளையைச் செலவழித்தார். அன்று எனக்கு அது அதிகமாகப் பட்டது. இன்று உங்களுக்குப் பதில் எழுதும்போது, அவர் இன்னும் ஒரு நாள் எடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

இதை முறைப்படுத்திச் சொன்னவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ஹிஜ்ரி 505இல், கிறிஸ்தவ ஆண்டு 1111இல், மறைந்தவர். அவருடைய ‘இஹ்யா உலூமித்தீன்’ 40 பகுதிகள் கொண்ட பெருநூல். அதில் 32வது பகுதி முழுக்கப் பொறுமையையும் நன்றியையும் பற்றியது. ஷுக்ர் மூன்று அடுக்கு உடையது என்கிறார் அவர். முதலாவது ‘இல்ம்’. வந்த நன்மை இன்னாரிடமிருந்து வந்தது என்று அறிவது. இரண்டாவது ‘ஹால்’. அந்த அறிவால் உள்ளத்தில் ஏற்படும் மகிழ்ச்சி நிலை. மூன்றாவது ‘அமல்’. கொடுத்தவன் விரும்பும் வழியில் அதைப் பயன்படுத்தும் செயல். உங்கள் கடிதம் முழுவதும் நடு அடுக்கைப் பற்றித்தான் கவலைப்படுகிறது, பார்த்தீர்களா? அடிப்படை முதல் அடுக்கு. அறிவு உறுதியாக இருந்தால் ஹால் தன் நேரத்தில் வரும், போகும்.

தமிழர்களாகிய நமக்கு இது எளிதில் பிடிபட வேண்டும். திருக்குறளின் 11வது அதிகாரத்தின் பெயர் ‘செய்ந்நன்றியறிதல்’. பழந்தமிழில் நன்றி என்றால் செய்யப்பட்ட நன்மைதான். நாம் திருப்பிச் சொல்லும் வார்த்தைக்கு அந்தப் பெயர் வந்தது பிறகு. அந்த நன்மையை அறிவதே கடமை என்று அதிகாரத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. கஸ்ஸாலி இமாமின் முதல் அடுக்கும் நம் ‘அறிதலும்’ இவ்வளவு பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

அமல் என்றால் எப்படி இருக்கும்? பார்வைக்குச் செய்யும் ஷுக்ர் எது என்பதற்கு அந்த நூலில் ஒரு விளக்கம் உண்டு. பிறரிடம் காணும் குறையைக் கண்டும் வெளியே சொல்லாமல் மறைத்துவிடுவதே அது. காதுக்குச் செய்யும் ஷுக்ரும் அப்படித்தான். கேட்ட குறையைக் காதோடு நிறுத்திவிட வேண்டும். ஆயிரம் தடவை தஸ்பீஹ் உருட்டுவதைவிட இது கடினம் என்பது என் அனுபவம்.

இந்த மூன்று அடுக்கும் ஒரே காலைப்பொழுதில் ஒரு மனிதரிடம் கூடிவந்ததை நீங்கள் பார்க்க வேண்டும். அவர் நபித்தோழர் கஅப் இப்னு மாலிக் (ரலி). ஹிஜ்ரி 9இல் தபூக் படையெடுப்பு நடந்தபோது, இன்று கிளம்பலாம், நாளை கிளம்பலாம் என்று தள்ளிப்போட்டு மதீனாவிலேயே தங்கிவிட்டார். நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்ததும், பின்தங்கியவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஏதேதோ காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். கஅப் பொய் சொல்லவில்லை, எனக்குத் தக்க காரணம் எதுவும் இல்லை என்று உண்மையை ஒப்புக்கொண்டார். அவரிடமும், அவரைப் போலவே உண்மை சொன்ன வேறு இரண்டு பேரிடமும் யாரும் பேசக் கூடாது என்று உத்தரவாயிற்று. கடைத்தெருவுக்குப் போவார், எவரும் பேசமாட்டார்கள். ஐம்பது இரவுகள் இப்படியே போயின.

ஐம்பதாவது நாள் அதிகாலைத் தொழுகையை முடித்துவிட்டு வீட்டின் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஸல்உ மலை மேலிருந்து ஒருவர் உரக்கக் கூவுவது கேட்டது. தவ்பா ஏற்கப்பட்டுவிட்டது என்ற நற்செய்தி அது. கஅப் அந்த இடத்திலேயே ஸஜ்தாவில் விழுந்தார். சேதியோடு ஒருவர் குதிரையில் வந்துகொண்டிருந்தார், ஆனால் குரல் குதிரையை முந்திக்கொண்டது. குரல் கொடுத்தவர் நேரில் வந்தபோது தம்முடைய இரண்டு ஆடைகளையும் கழற்றி அவருக்கே கொடுத்துவிட்டார். அன்று அவரிடம் வேறு ஆடை கிடையாது. இன்னொருவரிடம் இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். அங்கே தல்ஹா (ரலி) எழுந்து ஓடிவந்து கைகுலுக்கி வாழ்த்தினார். அதைத் தாம் ஒருநாளும் மறக்கவில்லை என்று பின்னாளில் கஅப் சொல்லியிருக்கிறார். தம் சொத்து முழுவதையும் தர்மம் செய்துவிடுகிறேன் என்று நபியவர்களிடம் சொன்னார். கொஞ்சம் வைத்துக்கொள்ளும்படி அவர்கள் சொன்னதால் கைபரில் இருந்த பங்கை மட்டும் வைத்துக்கொண்டார். கடைசியாக, உண்மைதான் என்னைக் காப்பாற்றியது, ஆகவே உயிர் உள்ளவரை உண்மையைத் தவிர வேறு பேசமாட்டேன் என்று உறுதி எடுத்தார். புகாரி, முஸ்லிம் இரண்டு தொகுப்புகளிலும் அவர் வாய்மொழியாகவே இந்த வரலாறு பதிவாகியிருக்கிறது.

அந்த ஸஜ்தாவுக்கு ‘ஸஜ்தா ஷுக்ர்’ என்று பெயர். எதிர்பாராத நன்மை வரும்போதும் ஆபத்து விலகும்போதும் செய்யப்படும் ஒரே ஒரு ஸஜ்தா. ஷாஃபி மத்ஹபில் இது சுன்னத். ஒளுவோடு கிப்லாவை நோக்கிச் செய்ய வேண்டும். தொழுகைக்கு உள்ளே செய்யக் கூடாது. ஆனால் கஅபின் ஷுக்ர் ஸஜ்தாவோடு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கை கொடுத்தது, நாக்கு வாக்குறுதி தந்தது, அந்த வாக்குறுதி ஆயுள் முழுவதும் நீண்டது. மலையிலிருந்து கூவிய மனிதரும் மறக்கப்படவில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ‘இப்ராஹீம்’ என்னும் 14வது அத்தியாயத்தில் இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஏழாவது வசனம், நன்றி செலுத்தினால் அதிகமாக்குவேன் என்ற வாக்குறுதியைத் தருகிறது. எட்டாவது வசனத்தில் மூஸா (அலை) அவர்கள், பூமியில் உள்ள அத்தனை பேரும் நன்றி மறந்தாலும் அல்லாஹ்வுக்கு எந்தக் குறையும் இல்லை என்கிறார்கள். ஏழாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, நூறு போட்டால் இருநூறு வரும் என்பதுபோல் பேசுகிறவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. எதை அதிகமாக்குவான் என்று அந்த வசனம் வரையறுக்கவே இல்லை. காசாகவும் இருக்கலாம், மன அமைதியாகவும் இருக்கலாம், இன்னும் நன்றி செலுத்தும் பாக்கியமாகவும் இருக்கலாம்.

தேவை இல்லாதவன் ஏன் கேட்கிறான் என்பதற்கு கஸ்ஸாலி இமாம் சொல்லும் உவமையைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை. தூரத்தில் இருக்கும் ஓர் ஊழியனுக்கு ஓர் அரசர் குதிரை, உடை, வழிச்செலவுக்குப் பணம் எல்லாம் அனுப்பிவைக்கிறார். அவன் வந்துதான் அரண்மனையில் வேலை நடக்க வேண்டும் என்பதில்லை. தம் அருகில் வந்தால் அவனுக்கு நல்லது என்பதற்காகவே அனுப்புகிறார். அவன் குதிரையேறி அரசரை நோக்கி வந்தால் நன்றி செலுத்தியவன். குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் நன்றி மறந்தவன். அதே குதிரையில் ஏறி எதிர்த்திசையில் போனால் அதைவிட மோசம். எந்த நிலையிலும் அரசருக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லாபமும் நட்டமும் வழியில் இருப்பவனுக்குத்தான்.

மூன்றாவது, உங்கள் கண்ணீர். மாமியிடம் மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீம் இறந்தபோது கண்ணீர் விட்டார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், நாவோ இறைவனுக்குப் பிடிக்காததைப் பேசாது என்பது அன்று அவர்கள் சொன்னதன் கருத்து. நபி யஃகூப் (அலை) மகன் யூசுபுக்காக அழுது அழுது பார்வையையே இழந்தார். நன்றி கெட்டவர் என்று குர்ஆன் அவரைக் குறை சொல்லவில்லை. தம் துயரத்தை அவர் அல்லாஹ்விடமே முறையிட்டார். நீங்கள் அந்த ஏழு மாதமும் யாரிடம் முறையிட்டு அழுதீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இனி அந்த 33 தடவை. அதை விட்டுவிடாதீர்கள். மனம் அடுப்படியில் இருக்கும்போதும் நாக்கு தன் பங்கைச் செய்துகொண்டிருக்கிறது, அதற்கும் கூலி உண்டு. வேண்டுமானால் ஒன்று செய்து பாருங்கள். எண்ணத் தொடங்கும் முன் அன்றைக்குக் கிடைத்த ஒரே ஒரு நிஃமத்தை மனசில் பெயர் சொல்லி நிறுத்துங்கள். காலையில் மகனிடமிருந்து வந்த போனாக இருக்கட்டும், வலிக்காமல் மடங்கிய முழங்காலாக இருக்கட்டும். விரல் எண்ணுவதற்கு அப்போது ஒரு பொருள் கிடைத்துவிடும்.

உங்கள் கடிதத்தில் ஒருவரைப் பற்றி அரை வரிதான் இருந்தது. மகனின் வேலைக்குச் சொல்லிவிட்ட பின்தெருக்காரர். அவருக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவர் ஆகமாட்டார் என்ற கருத்தில் அபூதாவூது, திர்மிதி தொகுப்புகளில் ஹதீஸ் இருக்கிறது. இன்று அஸர் தொழுதுவிட்டு வீட்டில் செய்த பலகாரம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.