"இதற்கு வாய் இருக்கிறதா?" - கடிக்காத கொசுக்களைப் படத்தில் இனங்காணல்

கடந்த வருடம் என் தம்பிக்கு டெங்கு வந்து ஆறு நாட்கள் வைத்தியசாலையில் இருந்தான். அதன் பிறகு எங்கள் வீட்டில் மஃரிபுக்கு முன்பே யன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டுவிடும். அப்படியிருந்தும் வாவிப் பக்கத்துச் சுவரில், விளக்கைச் சுற்றி நூற்றுக்கணக்கில் வந்து அமர்ந்துவிடும். உம்மா இரண்டு நுளம்புத்திரிகளைக் கொளுத்துவார். அந்தப் புகையில் தம்பிக்கு இழுப்பு வரும். இத்தனை இருந்தும் ஒன்றுகூட ஏன் கடிப்பதில்லை என்ற கேள்வி எனக்கு எழுந்தது அப்போதுதான். வாப்பாவின் கைத்தொலைபேசியை வாங்கிப் படம் எடுக்கத் தொடங்கினேன்.

அவற்றுள் பெரும்பாலானவை நுளம்புகளே அல்ல. கைரோனோமிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்த கடிக்காத கொசுக்கள். (இந்தியத் தமிழில் நுளம்பையே கொசு என்பார்கள். நமக்கு நுளம்பு என்று தனிச்சொல் இருப்பது இந்த இடத்தில் வசதியாகப் போயிற்று.) நுளம்பைப் போலவே இவையும் டிப்தெரா வருணத்தைச் சேர்ந்தவை. உலகில் 5000 இனங்களுக்கு மேல் உள்ளன. அந்தாட்டிக்காவில்கூட, செட்டை சிறுத்துப் பறக்க முடியாத ஓர் இனம் வாழ்கிறது. வளர்ந்த பூச்சி பெரும்பாலும் சில நாட்களே உயிரோடு இருக்கும், குருதி குடிக்காது.

படத்தில் முதலில் பார்க்க வேண்டியது தலையின் முன்பக்கம். நுளம்புக்கு ஊசிபோல நீண்ட குழல் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். கடிக்காத கொசுவுக்கு அது இல்லை. அடுத்தது செட்டை. நுளம்பின் செட்டை நரம்புகளிலும் விளிம்பிலும் நுண்ணிய செதில்கள் உண்டு. கொசுவின் செட்டையில் செதில் இல்லை, பல இனங்களில் வயிற்றின் நுனி செட்டைக்கு வெளியே தெரியும். அமர்ந்திருக்கும் விதமும் உதவும். கொசு பெரும்பாலும் முன்னங்கால்களைத் தூக்கி வைத்திருக்கும், நுளம்போ பின்னங்கால்களைத் தூக்கும். ஆனால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. கால் உடைந்த பூச்சிகள் என் படங்களிலேயே நிறைய இருக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் உணர்கொம்பு. ஆண் கொசுவின் உணர்கொம்பு இறகு வைத்ததுபோல அடர்ந்திருக்கும். நான் தவறியதும் இதிலேதான். முதல் வாரத்தில் எடுத்த பத்தொன்பது படங்களையும் பார்த்துவிட்டு, "உம்மா, இதெல்லாம் கடிக்காத கொசு, இனித் திரி கொளுத்தத் தேவையில்லை" என்று பெருமையாகச் சொன்னேன். "உண்மையாவா புள்ள?" என்று கேட்டுவிட்டு உம்மா அன்று திரி கொளுத்தவில்லை.

அடுத்த நாள் படங்களை எங்கள் உயிரியல் டீச்சரிடம் காட்டினேன். அவர் பதினோராவது படத்தில் நின்றுவிட்டார். "இறகு இருக்கிறது, சரி. இதற்கு வாய் இருக்கிறதா?" என்று கேட்டார். பெருப்பித்துப் பார்த்தேன். நீண்ட குழல் இருந்தது. கால்களில் வெள்ளை வளையங்களும் இருந்தன. அது ஆண் ஈடிஸ் நுளம்பு. ஆண் நுளம்பின் உணர்கொம்பும் இறகுபோலத்தான் இருக்கும் என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன். ஆண் கடிக்காது என்பது ஆறுதல் இல்லை. ஆண் இருந்தால் பெண்ணும் அருகில் இருக்கும்; இரண்டும் பிறந்த நீரும் தூரத்தில் இராது.

வீட்டுக்கு வந்து பூச்சாடித் தட்டு, பீலி, வாளி எல்லாம் பார்த்தோம். ஒன்றும் இல்லை. கடைசியில் குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் உள்ள தட்டை வாப்பா இழுத்தார். அதற்குள் குடம்பிகள் நெளிந்தன. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அன்று உம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

குடம்பிகளைப் பார்த்தால் குழப்பமே இல்லை. நுளம்புக் குடம்பி நீரின் மேல்மட்டத்துக்கு வந்து சுவாசிக்கும். கொசுவின் குடம்பி அடியிலுள்ள சேற்றில் குழாய் கட்டி வாழும். பல இனங்களில் அது சிவப்பு நிறம், காரணம் நம் குருதியில் உள்ளதைப் போன்ற ஈமோகுளோபின். ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அதனால் வாழ முடிகிறது. மீன் வளர்ப்போர் இரத்தப்புழு என்று வாங்குவது இதைத்தான். வாவி மீனுக்கும் இதுவே இரை என்பதால், கொசுவுக்குப் பயந்து நீரில் மருந்து ஊற்றுவது நம் மீனுக்கே கேடு.

படம் எடுக்க விரும்பும் தோழியருக்கு ஒன்று சொல்கிறேன். மேலிருந்து ஒரு படம் மட்டும் போதாது. வாய் தெரியப் பக்கவாட்டில் ஒன்றும் வேண்டும். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்தால் அளவும் தெரியும். மிகச் சிறியதாக, செட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாக மடித்திருந்தால் அவதானம்: அது கடிக்கும் வேறொரு கொசுக் குடும்பமாக இருக்கலாம். இனத்தின் பெயரைச் சொல்ல அவசரப்பட வேண்டாம். அதற்குப் பெரும்பாலும் ஆண் பூச்சியின் வயிற்று நுனியை நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும். என் குறிப்புப் புத்தகத்தில் குடும்பப் பெயரோடு நிறுத்தியிருக்கிறேன். சில படங்களுக்கு நேரே கேள்விக்குறி மட்டுமே உண்டு.

இப்போது தட்டை வெள்ளிக்கிழமைதோறும் கழுவுவது என் வேலை. திரி ஒன்றாகக் குறைந்திருக்கிறது. நேற்று மஃரிபுக்குப் பிறகு குசினியிலிருந்து உம்மா கூப்பிட்டார்: "புள்ள, லைட்டையும் கொண்டு ஓடி வா, இதுக்கு வாய் இருக்கா பாரு!"